கல்லறைத் தோட்டங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

தேவாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டிமாருக்கும், குருவானவர்களுக்கும், கல்தச்சர் ஐயாவுக்கும், கேட்டவுடன் வந்து நின்ற ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பழைய கல்லறைகளைப் படித்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வாழும் குடும்பங்களுக்கு முன்னோர் விவரம் தேடித் தருவது எங்கள் ஓய்வுநேர வேலை. கேமராவோடு யாரும் தோட்டத்துக்குள் போய்விடலாம். ஆனால் பார்க்கிற கல் யாருடையது என்று தெரிவது உங்களால்தான்.

முதல் நன்றி கோயில்குட்டி அண்ணன்மாருக்கு. காலை ஏழு மணிக்கே பூட்டைத் திறந்துவிட்டீர்கள். அந்த நேரத்து வெயில் கல்லின் மேல் சாய்வாக விழும்போதுதான் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். மரநிழலில் கிடக்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பியதும் நீங்கள்தான். கல்லே இல்லாத மண்மேட்டைக் காட்டி இன்னார் வீட்டுக் குழி என்று சொன்னீர்களே, அது எந்த ஏட்டிலும் கிடைக்காத தகவல்.

கல்தச்சர் ஐயா, உங்கள் கண்டிப்பு பல கற்களைக் காப்பாற்றியது. வெறும் தண்ணீர், மெத்தென்ற பெயிண்ட் பிரஷ், கீழிருந்து மேலாகத் துடைப்பது: இவ்வளவு போதும் என்றீர்கள். ஆசிட் சலவைக்கல்லைக் கரைக்கும். கம்பி பிரஷ் பட்டால் கடப்பைக்கல் ஏடு ஏடாக உரியும். பழைய சலவைக்கல்லில் ஈயம் வார்த்த எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தாலும், ஈயத்தைப் பிடித்து வைத்த சிறு துளைகளின் வரிசையை வைத்தே பெயரைப் படிக்கலாம் என்று காட்டித் தந்ததை எப்படி மறப்போம்!

ஆண்டைக் கணக்கிடுவதில்தான் எல்லாரும் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழ் எண்களான ௧ (1), ௭ (7), ௮ (8) ஆகியவற்றை க, எ, அ என்று படித்துவிட்டு, பெயரின் முதலெழுத்து என்று எழுதிவிடுவார்கள். ௲௮௱௬௰௭ என்றால் 1867. மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825 கூட்ட வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் ஆண்டுப் பெயரான பிரபவ என்று மட்டும் இருந்தால் அது 1867-68ஆகவும் இருக்கலாம், 1927-28ஆகவும் இருக்கலாம்; எழுத்தின் வடிவத்தையும் பக்கத்துக் கற்களையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தந்த தமிழாசிரியர் அம்மாவுக்கு நன்றி. காயல்பட்டினத்தில் மீசான் கற்களை, அதாவது முஸ்லிம் கல்லறைகளில் நடப்படும் கற்களைப் படித்துக்காட்டிய பெரியவருக்கும் அப்படியே. இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் 622ஐக் கூட்டினால் மட்டும் கணக்கு சரிவராது. ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். வெறும் கூட்டலோ 1922 என்று காட்டும்.

அடக்கப் பதிவேட்டைத் திறந்து காட்டிய குருவானவர்களே, நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் வேலை பாதியிலேயே நின்றிருக்கும். கல்லில் இருப்பது பெரும்பாலும் இறந்த நாள், ஏட்டின் வரிசையோ அடக்க நாளின்படி போகும். இது தெரியாதவர்கள் இரண்டையும் இரண்டு ஆட்களாக்கிவிடுகிறார்கள். கத்தோலிக்க ஏட்டில் லத்தீனில் பவுலுஸ் என்று இருப்பவரே கல்லில் சின்னப்பன், பெத்ருஸ்தான் இராயப்பன். குடும்பக் கல்லறையை மறுபடி திறந்து அடக்கம் செய்யும்போது கடைசியாக வந்தவரின் பெயரை வெட்டாமலே விட்டுவிடுவதும் உண்டு. அவர் ஏட்டில் மட்டுமே இருப்பார். ஐரோப்பியர் கல்லறை என்றால் 1905இல் ஜே. ஜே. காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைப் பொறிப்புகளையும் பார்க்கச் சொன்னீர்கள். இன்று சிதைந்துபோன கல்லின் வாசகம் அதில் முழுதாக இருக்க வாய்ப்புண்டு.

படங்களைச் சரிபார்த்துத் தந்த வெளிநாட்டு உறவுகளுக்கும் நன்றி. ஒரு கல்லுக்கு நான்கு படம் வேண்டும் என்று முடிவானது உங்கள் கேள்விகளால்தான்: முழுக் கல்லறை, கல், எழுத்து, இருபக்கத்துக் கல்லறைகளோடு சேர்ந்த தோற்றம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடப்பார்கள் என்பதால் நான்காவது படம் மிக முக்கியம்.

எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அன்போடு செய்கிற காரியம். வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆண்டுதோறும் அடிக்கும் சுண்ணாம்பு எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. பிறகு சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து உடையும். எழுத்துப் பகுதியின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு சுற்றிலும் அடியுங்கள். ஏற்கெனவே மூடிப்போன கல்லைத் தொட வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து அனுப்புங்கள். படிக்க முடிந்த எழுத்தை மட்டும் வரிக்கு வரி எழுதி, தெரியாத இடத்தைக் காலியாக விட்டுத் திருப்பி அனுப்புவோம்.

நன்றியுடன்,
குழுவினர்