நீக்கல் வார்ப்புரு இடும் முன்: விக்கிப்பீடியா தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். புதிதாக வரும் பக்கங்களைப் பொறுமையாகப் படித்துப் பார்த்து, சான்று போதாதவற்றில் நீக்கல் வார்ப்புரு, அதாவது 'இந்தப் பக்கத்தை நீக்கலாம்' என்ற அறிவிப்பு, இடும் வேலையைச் சல்லிக்காசு வாங்காமல் செய்கிறீர்கள். கலைக்களஞ்சியம் விளம்பரப் பலகையாக மாறாமல் இருப்பது உங்களால்தான். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். இன்றைய ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களைப் பற்றிய பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கங்களை எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நைஜர் நாட்டின் துவாரெக் என்ற சகாரா இனத்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் எம்டூ மொக்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிட்டாரை மரத்தில் தானே செய்து, சைக்கிள் பிரேக் கம்பியைத் தந்தியாகக் கட்டி வாசிக்கப் பழகியவர். 2008இல் நைஜீரியாவின் சொகோட்டோ நகரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். அந்தப் பாடல்கள் மெமரி கார்டிலும் புளூடூத்திலுமாகக் கைப்பேசி விட்டுக் கைப்பேசி தாவி, சகாராவின் ஓரத்து ஊர்களிலெல்லாம் பரவின. அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருக்கும் சாகேல் சவுண்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் அப்படிச் சுற்றிய கைப்பேசிப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் மேற்கத்தியப் பத்திரிகைகள் அவரைக் கவனித்தன. நாம் சான்று என்று ஏற்றுக்கொள்ளும் கட்டுரைகளும் அப்புறம்தான் வந்தன. அதற்கு முன்பே அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் இசைக்கலைஞர்களுக்கென ஒரு குறிப்பிடத்தக்கமை விதி, அதாவது யாருக்குத் தனிப் பக்கம் இருக்கலாம் என்று சொல்லும் விதி, இருக்கிறது. பாடல் ஒரு நாட்டின் தேசியத் தரவரிசைப் பட்டியலில் வந்திருக்கலாம், விற்பனைக்கான தங்கச் சான்றிதழ் பெற்றிருக்கலாம், பெரிய நிறுவனம் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டிருக்கலாம், பெரிய விருது கிடைத்திருக்கலாம். இப்படிச் சில வழிகள். படிக்கும்போது எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இருபது கோடிக்கும் அதிகமானோர் வாழும் நைஜீரியாவில் டர்ன்டேபிள் என்ற பாடல் தரவரிசை தொடங்கியது 2020இல். தென்னாப்பிரிக்கப் பதிவிசைத் துறைச் சங்கத்தின் இப்போதைய அதிகாரபூர்வத் தரவரிசை வந்தது 2021இல். அமாபியானோ என்ற தென்னாப்பிரிக்க நடன இசையோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கௌட்டெங் மாகாணத்துக் குடியிருப்புகளில் பிறந்து, வாட்ஸ்அப்பிலும் ஷேர் டாக்சிகளிலும் ஊர் சுற்றிவிட்டது. பட்டியலே இல்லாத காலத்தில் பாடியவரிடம் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

நைஜீரியப் பாடகர் பர்னா பாய்க்கும் தென்னாப்பிரிக்கப் பாடகி டைலாவுக்கும் நான் வாதாட வேண்டியதில்லை. 2021இல் அவருக்கும் 2024இல் இவருக்கும் கிராமி கிடைத்தது. பக்கம் தானாக நிற்கும். கிராமியில் ஆப்பிரிக்க இசைக்கென்று ஒரு பிரிவு வந்ததே அந்த 2024இல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். நைஜீரியாவில் 'பழுப்பு உறை' என்றே ஒரு பேச்சு உண்டு. உறையில் பணம் வைத்துக் கொடுத்தால் பத்திரிகையில் செய்தி வந்துவிடும். அப்படி வந்த புகழுரைகளை மேற்கோளாகக் காட்டும் பக்கங்களை நானே நீக்கப் பரிந்துரைப்பேன். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு நாட்டின் மொத்தப் பத்திரிகைகள் மீதும் படியக்கூடாது. செய்தியை எழுதியவர் பெயர் இருக்கிறதா, கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாரா, இல்லை நிறுவனம் அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், வேறு வழியில்லை. ஆங்கிலத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதோடும் நிறுத்தாதீர்கள். மாலிப் பாடகருக்குப் பிரெஞ்சிலும், அங்கோலாக்காரருக்குப் போர்ச்சுகீசிலும், தான்சானியாக்காரருக்குச் சுவாகிலியிலும் தேடிவிட்டு முடிவெடுங்கள்.

அச்சில் வராததை எப்படிச் சான்றாக்குவது என்பது ஏற்கெனவே நம் சமூகம் யோசித்த விஷயம். 2011இல் வாய்மொழி மேற்கோள் திட்டம் ஒன்று நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் மக்களிடம் கேட்டுப் பதிவு செய்த பேச்சையே மேற்கோளாகக் காட்டிக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். அது பொதுவான வழக்கமாக வேரூன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வானொலியும் மேடையும்தான் ஆவணம் என்றிருக்கும் ஓர் இசை உலகத்துக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும்!

தமிழில் தொகுப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கின்போது உலகமே ஆடிய 'ஜெருசலேமா' பாடலைப் பாடியவரின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நொம்செபோ' என்று எழுதுகிறோம். சூலு மொழியில் அந்த இடத்தில் 'செ' கிடையாது. நாக்கு நுனியைப் பல்லில் ஒட்டி இழுக்கும் சொடுக்கொலி அது. பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுவோமே, ஏறக்குறைய அந்தச் சத்தம். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியாது, சரி. முதல் வரியிலேயே ஒரு குறிப்பும் ஒலிக்கோப்பும் சேர்க்கலாமே. அப்புறம், 'ஆஃப்ரோபீட்' என்பது 1970களில் நைஜீரியாவின் ஃபெலா குட்டி வளர்த்தெடுத்த நீண்ட, அரசியல் பேசும் இசை. 'ஆஃப்ரோபீட்ஸ்' என்பது இந்த நூற்றாண்டின் மேற்கு ஆப்பிரிக்கப் பாப். கடைசி 'ஸ்' தட்டச்சுப் பிழையென்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வார்ப்புரு இடும் முன் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒரு வாரம் பொறுங்கள். அப்போதும் போதாது என்று பட்டால் அழிக்காமல் எழுதியவரின் மணல்தொட்டிக்கு, அதாவது அவருடைய வரைவுப் பக்கத்துக்கு, நகர்த்துங்கள். ஆப்பிரிக்கத் தன்னார்வலர்களிடம் கேளுங்கள். 2016இல் 'விக்கி லவ்ஸ் ஆஃப்ரிக்கா' படப் போட்டி இசையையும் நடனத்தையும் தலைப்பாக எடுத்தபோது, விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்துக்குப் படங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். கானாவின் வடக்கே பேசப்படும் டக்பானி மொழிக்கு 2021இல் தனி விக்கிப்பீடியா வந்ததும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான். யாரை யார் கேட்டார்கள், எந்த ஊரில் எந்தப் பாட்டு ஓடியது என்பதை நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரத்தின் சிங்கெலி இசைக்கலைஞர்களைப் பற்றிய ஒரு வரைவு இப்போது என் மணல்தொட்டியில் இருக்கிறது. நிமிடத்துக்கு இருநூறு தாளத்தைத் தாண்டி ஓடும் இசை அது. உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் நியெகெ நியெகெ டேப்ஸ் என்ற இசை நிறுவனம் 2017இல் வெளியிட்ட தொகுப்பு பற்றிய மேற்கோள்கள் கிடைத்துவிட்டன. அதற்கு முந்தைய காலத்துக்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது சுவாகிலி தெரிந்தால், அல்லது தெரிந்தவரைத் தெரிந்தால், நம் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு குரல் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு தொகுக்கும் ஒருவன்