வாக்கிங் போகச் சொல்லாதே, கண்ணா

அன்புள்ள கார்த்திக்,

தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று போனில் சொன்னாய். அக்கறையில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் அதற்குப் பதில் சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது இரண்டு தொல்லை. ஒன்று இந்தக் கொழுப்புக் கட்டிகள். சாதாரண லிப்போமா பெரும்பாலும் வலிக்காது, பலருக்கு அது பாட்டுக்கு இருக்கும். என்னுடையவை வலிக்கும். மேல்கையின் உட்பக்கம், இடுப்புக்கு மேலே, தொடையில். ரவிக்கைக் கை கொஞ்சம் இறுக்கினாலே சுருக்கென்று குத்தும். மும்பை லோக்கல் ரயிலில் செம்பூரில் ஏறி உட்கார இடம் கிடைக்காமல் போய், குர்லாவில் ஏறும் கூட்டத்தில் யாருடைய டப்பா பையாவது அந்த இடத்தில் இடித்துவிட்டால் அவ்வளவுதான், வடாலா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இடித்தவளுக்குத் தெரியாது, வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லையே.

ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் ஆயிற்று, புற்றுநோய் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். "கொழுப்புக் கட்டி வலிக்காதும்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று ஒரு டாக்டர் அனுப்பிவைத்தார். அடுத்துப் பார்த்தவர்தான் டெர்கம் நோய் என்றார். பிலடெல்பியாவில் டெர்கம் என்ற நரம்பு மருத்துவர் 1888லேயே எழுதிவைத்ததாம், பெண்களுக்குத்தான் அதிகமாம். அடியோடு குணமாக்க இன்றுவரை மருந்தில்லை. ரொம்ப வலிக்கும் கட்டியை வெட்டி எடுக்கலாம், வேறு இடத்தில் புதிதாகவும் வரலாம். நரம்பு வலிக்குத் தரும் பிரெகாபாலின் மாத்திரை சாப்பிடுகிறேன், வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது, ஆனால் காலையில் தலை கிறுகிறுக்கிறது. எடை குறைத்தால் கட்டி கரையும் என்று உன் அத்தை சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

இரண்டாவது, களைப்பு. எம்.இ., சி.எஃப்.எஸ். என்கிறார்களே, அந்த நாள்பட்ட களைப்பு நோய். தூங்கி எழுந்தாலும் தூங்கினது போலவே இருக்காது. இதில் மோசமான விஷயம், செய்ததற்கான தண்டனை அன்றைக்கே வராது. போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, இரண்டு முழம் மல்லிகை என்று சந்தோஷமாகச் சுற்றினேன், அன்று ராத்திரி ரசம்கூட வைத்தேன். மறுநாளும் சமாளித்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை, அப்பாதான் பின்னிவிட்டார், அந்தப் பின்னலை நீ பார்க்க வேண்டுமே! இப்போது இதற்கு ஒரே வழி, முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திக்கொள்வது. பாத்திரத்தை வீட்டு வேலைக்கு வரும் பெண் பார்த்துக்கொள்கிறாள், காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்கிறேன்.

நீ இருக்கும் இங்கிலாந்திலேயே, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை இந்த நோய்க்கு வேண்டாம் என்று, அங்கே சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2021ல் சொல்லிவிட்டது. தேடிப் படி. அப்புறம் வாக்கிங் பேச்சை எடுக்காதே.

டிசம்பரில் வரும்போது லோனாவாலா மலைக்குச் சுற்றுலா வேண்டாம். சித்தி பெண் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் வருவேன், சாப்பாடு ஆனதும் என்னை வீட்டில் கொண்டுவிட்டுவிடு, ரிசப்ஷனுக்கு நீயும் அப்பாவும் போங்கள். அடுத்த மூன்று நாளைக்கு யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதே. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடிக்கும்போது இடது கைப் பக்கம் பார்த்துப் பிடி. சித்தியிடம் ரிசப்ஷன் விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன், நீ டிக்கெட் போட்டதும் தேதியை மட்டும் அனுப்பு.

அம்மா