அந்த ஆள் எங்கே போனான்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிவி தொடர்களில் பெண்கள் ஒருவரையொருவர் பழிவாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பெண்களே விரும்பித்தானே பார்க்கிறார்கள்' என்று முடித்திருந்தீர்கள். சரி, பார்க்கிறோம்தான். எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் கேளுங்கள்.

மாசி, பங்குனி வந்தால் எங்கள் தெருவில் புளி தட்டும் வேலை. சாயங்காலம் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கை பாட்டுக்குக் கொட்டையை எடுக்கும், கண் தொடரில் இருக்கும். போன வாரம் மனைவி குடிக்கிற பாலில் அந்த இன்னொருத்தி எதையோ கலந்தாள். பதிலுக்கு மனைவி அவள் வேலைக்கே வேட்டு வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி, ரெண்டு பேரையும் ஏமாத்துனவன் எங்கடி போனான்?" என்றார். யோசித்துப் பார்த்தோம். பெங்களூருக்கு மீட்டிங் போனவன் இரண்டு வாரமாக வரவே இல்லை!

என் மகளுக்குப் பாடத்தில் சிலப்பதிகாரம் வந்தபோது நானும் கூட உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் மூன்று பேர்தான். கானல்வரியில் கோவலன் யாழை வாங்கி, வேறொருத்தியை மனதில் வைத்தவன்போலப் பாடுகிறான். மாதவியும் அதே பாணியில் பாட, அவனுக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய்விடுகிறான். அவன் பாடினால் பாட்டு, அவள் பாடினால் வஞ்சனை! அப்புறம் மாதவி யாருக்கும் விஷம் வைக்கவில்லை. கடிதம்தான் எழுதுகிறாள். முதல் கடிதத்தை அவன் வாங்கவே மறுக்கிறான். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கொண்டுவந்த இரண்டாவது கடிதத்தைப் படிக்கிறான். நான் செய்த பிழை என்ன என்று கேட்டிருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை, எல்லாம் என் குற்றம்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அந்தக் கடிதத்தையே தன் பெற்றோரிடம் காட்டச் சொல்லி அனுப்புகிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் இருக்கிறது.

கண்ணகியும் மாதவியும் காப்பியம் முழுக்க ஒருமுறைகூட முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை போடவில்லை. கண்ணகி கொதித்ததும் பாண்டியன் முன்னால்தான். அதில் எங்களுக்கு விறுவிறுப்பு ஒன்றும் குறையவில்லையே.

தொடர் எழுதுகிறவர்களை அடுத்து நீங்கள் பேட்டி எடுக்கும்போது, பெங்களூரு போனவன் எப்போது வீடு திரும்புவான் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பெரியம்மா தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.