அம்மாவுக்கு ரிப்போர்ட் கொடுத்தவர்களுக்கு

அம்மா போய் ஒரு மாதம் ஆகிறது. போனிலும் நேரிலும் எல்லோருக்கும் நன்றி சொல்லியாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று அவருடைய கைப்பையை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கடிகாரம் கையில் அகப்பட்டது. நர்ஸுகள் நெஞ்சில் குத்திக்கொள்வார்களே, அது. எதிரே நிற்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். குனிந்து பார்க்கும் நர்ஸுக்கு மட்டும் நேராக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று புரிந்தது.

அம்மாவுக்கு 91 வயது. அதில் 38 வருடம் வார்டு. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, ஊசி முனையைக் கல்லில் தீட்டி மறுபடி பயன்படுத்திய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரியம்மைத் தடுப்பூசிக்கு நுனி இரண்டாகப் பிரிந்த ஊசி வந்ததையும், கையில் 15 முறை குத்த வேண்டும் என்பதையும் விரலாலேயே செய்து காட்டுவார். 1980-இல் உலகத்தை விட்டே பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார அமைப்பு அறிவித்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும். "நாங்க ஒழிச்சது" என்பார். மற்றபடி பெருமை பேசத் தெரியாதவர்.

எங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் அம்மா முழங்கால் போட்டால் முதலில் கட்டில் எண்கள் வரும். "ஏழாம் கட்டில், ஆண்டவரே. பன்னிரண்டாம் கட்டில்." நோயாளியின் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. கட்டில்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளைகள் பெயர். யாரென்றே தெரியாத பன்னிரண்டாம் கட்டில் மேல் எனக்கும் தங்கைக்கும் சின்ன வயதில் நல்ல பொறாமை. ஆனால் நைட் டியூட்டி முடிந்து வந்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடுவார் என்பதை அப்போது நாங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

அப்பா பக்கவாதத்தில் நான்கு வருடம் படுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மா புரட்டிப் போடுவார். அப்பா உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. அப்படிப்பட்ட அம்மாவுக்கு, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்த சில நாட்களுக்குள் முதுகின் அடியில் படுக்கைப்புண் வந்துவிட்டது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே ஆள் குறைவு. எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. "சிவந்தப்பவே கவனிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் புண்ணை ஆற்றியவர் வீட்டுக்கு வந்த சிஸ்டர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் விரிப்பு போட்டபோதே, "அந்த மூலையைச் சரியா மடிச்சுச் செருகு கண்ணு, சுருக்கம் இருந்தா அது உறுத்தும்" என்று பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் முகம் சுளித்திருப்பார்கள். அந்தப் பெண் பிரித்து மறுபடி மடித்தார். நேராக மல்லாத்தாமல் லேசாகச் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. அலாரம் வைத்து இரண்டு மணிக்கொருமுறை. புண் மூட ஏழு வாரம் ஆனது.

அம்மா, அதுவரை யாரையும் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள விட்டதில்லை. குளிப்பாட்டக் கை வைத்தாலே உடம்பை இறுக்கிக்கொள்வார். அதை மாற்றியதும் அந்தப் பெண்தான். காலை எட்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும், கட்டில் பக்கத்தில் நிமிர்ந்து நின்று அம்மாவிடமே ரிப்போர்ட் கொடுப்பார். "சிஸ்டர், இரவு நன்றாகத் தூங்கினார்கள். பல்ஸ் 78. சிறுநீர் போதுமான அளவு. புண் காய்ந்திருக்கிறது." நோயாளியைப் பற்றிய அறிக்கை நோயாளிக்கே! அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூச்சு எண்ணினியா?" என்பார். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார், அதனால் பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனிக்க வேண்டும். அம்மா சொல்லிக்கொடுத்த இந்த வித்தையை அம்மாவிடமே செய்துகாட்டி மாட்டிக்கொண்ட அன்று இருவரும் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது.

வலிதணிப்புச் சிகிச்சை மருத்துவருக்கும் நன்றி. அம்மா சாப்பாட்டை நிறுத்தியபோது, பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று நாங்கள் தவித்தோம். அவர் அவசரமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கட்டத்தில் உடம்பே உணவை வேண்டாம் என்கிறது, வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்தாலே போதும் என்று விளக்கினார். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தார். "மார்ஃபினா?" என்று பயந்தது நான்தான், அம்மா பயப்படவில்லை. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் டாக்டராவதற்கு முன்னால் நர்ஸாக இருந்தவர் என்று மருத்துவர் சொன்னதும், அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எல்லா நல்ல காரியமும் எங்களிடமிருந்துதான் தொடங்கியது என்கிற பார்வை.

ஞாயிறுதோறும் வந்து, அறைக்குள் கூட்டம் போடாமல், இரண்டிரண்டு பேராக நின்று மெதுவாகப் பாடிவிட்டுப் போன சபையாருக்கு நன்றி. நீளமாக ஜெபித்த ஒருவரை அம்மா கையசைத்து நிறுத்தினார். அவர் கோபித்துக்கொள்ளாததற்குத் தனி நன்றி. ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்த ஆக்சிஜன் தம்பிக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து நான்கு மாதம் தங்கிய அண்ணிக்கும், கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து "சிஸ்டர், நான் உங்க பழைய ஸ்டூடன்ட்" என்று அழுத அந்த அம்மாளுக்கும்.

கடைசி வாரத்தில் அம்மாவின் ஜெபம் உதட்டசைவாக மட்டும் இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். முதலில் அந்த சிஸ்டரின் பெயர், அப்புறம்தான் நாங்கள். இந்த முறை பொறாமை வரவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கு நினைவில்லை. அந்தப் பெண் வழக்கம்போல் நிமிர்ந்து நின்றார். அப்புறம் குனிந்து காதருகில், "சிஸ்டர், மூச்சு நிமிடத்துக்கு எட்டு. வலி இல்லை. முதுகில் சிவப்பு இல்லை. எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றார். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது.

சிஸ்டர், கடிகாரத்துக்கு செல் மாற்றிவிட்டோம், ஓடுகிறது. அது உங்களுக்குத்தான் என்று தங்கையும் நானும் முடிவுசெய்திருக்கிறோம். அடுத்த நைட் டியூட்டி முடிந்ததும் வீட்டுப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.