பள்ளியின் பழைய தேர்ச்சியை வைத்துப் பிள்ளைக்கு மதிப்பெண் போடாதீர்கள்: அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு என்பது அந்த வயதுக்கு அதிகப்படியான சுமை. அந்த முடிவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த முடிவால் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, அதில் எதைக் கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2021 போல இன்னொரு வருடம் வந்து பிளஸ் டூ தேர்வை நடத்தவே முடியாமல் போனால் மதிப்பெண்ணுக்கு எங்கே போவோம்? அன்றைக்கு ஒரு கணக்கு வைத்தோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. பத்தாம் வகுப்பில் 92, 85, 81 எடுத்த பிள்ளைக்குச் சராசரி 86, அதில் பாதி 43. பிளஸ் ஒன்னில் 90-க்கு 70 என்றால் 15.56. அகமதிப்பீடு பத்துக்குப் பத்து என்றால், அதை விரித்து முழுதாக 30. கூட்டினால் 88.56. மதிப்பெண் பட்டியலில் தசமப் புள்ளியைப் பார்த்த பெற்றோர் குழம்பித்தான் போனார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் அரைப் புள்ளி கால் புள்ளியில் இடம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தசமத்தின் அருமை தெரியும்.

அந்தக் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. பத்தாம் வகுப்பில் கிடைத்த அந்த 43, இயற்பியலுக்கும் அதேதான், தமிழுக்கும் அதேதான். பத்தாம் வகுப்பில் தடுமாறிவிட்டு, மேல்நிலையில் பிடித்த பாடப்பிரிவு கிடைத்ததும் எழுந்து நின்ற பிள்ளைகளுக்கு அந்த எழுச்சியில் பாதி கணக்கிலேயே வரவில்லை. அகமதிப்பீட்டில் பத்துக்குப் பத்து போடாத பள்ளி எத்தனை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கால் பிளஸ் ஒன் வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தேர்வுகள் நடக்காமலே போய், காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் வைத்து ஒப்பேற்றினோம். அந்தப் பாடங்களில், மதிப்பீட்டுக்குள் இன்னொரு மதிப்பீடு உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு இருந்தும் அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் அந்தப் பிள்ளையின் பெயரில் பதிவான எண். முந்தின வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்ன எடுத்தான் என்பது அதில் எங்கேயும் இல்லை.

இனி அந்த 20 பள்ளி அளவில் நடக்கும் தேர்விலிருந்துதான் வரவேண்டும். 30 ஏற்கெனவே பள்ளியின் கையில் இருக்கிறது. ஆக, பாதி மதிப்பெண் பள்ளி போடுவது. பள்ளி போடும் மதிப்பெண்ணை மேலே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அது நியாயமும்கூட. அப்போது யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து, ‘எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் எல்லாப் பள்ளிக்கும் பழைய தேர்ச்சி இருக்கிறதே, அதை வைத்துச் சரிசெய்துவிடலாமே’ என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் பயமெல்லாம் அந்த வாக்கியத்தைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் 2020-இல் அதைத்தான் செய்தார்கள். பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் ரத்தானது. தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால், ஒவ்வொரு மாணவருக்கும் கிடைத்திருக்கக்கூடிய தரத்தை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கியது. கூடவே, பாடவாரியாக முதல் ஆள் தொடங்கிக் கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தியும் தரச் சொன்னது. பிறகு, ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று அந்தத் தரத்தைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு, வரிசையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்தில் 2017 முதல் 2019 வரை யாருக்கு என்ன தரம் கிடைத்ததோ அந்த விகிதத்தை எடுத்து, இந்த வருட மாணவர்களின் முந்தைய தேர்ச்சிக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, வரிசைப்படி பங்கிட்டது. மூன்று வருடமாக ஏ ஸ்டார் என்ற உச்சத் தரத்தைப் பார்க்காத பள்ளியின் முதல் மாணவிக்கு ஏ ஸ்டார் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருடா வருடம் ஒருவராவது தோற்ற பள்ளியில், வரிசையின் கடைசியில் இருந்தவர் தேர்வே எழுதாமல் தோற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் புள்ளியியல் எடுபடாது என்று ஆசிரியர் கொடுத்த தரத்தையே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வகுப்பில் ஐந்து பேரை மட்டும் வைத்துப் பாடம் நடத்த எந்தப் பள்ளிக்குக் கட்டுப்படியாகும்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்கு. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, ஆசிரியர் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ 39 விழுக்காடு கீழே இறக்கப்பட்டிருந்தது. தனியார் பள்ளிகளில் உயர் தரங்கள் கூடிய அளவுக்கு அரசு நடத்தும் பொதுப்பள்ளிகளில் கூடவில்லை. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, ஆசிரியர் தரமே செல்லும் என்று அரசு பின்வாங்கியது. அதற்கு முன்பே ஸ்காட்லாந்து இதே பாடத்தைப் படித்திருந்தது. மிகவும் வறிய பகுதிகளின் பிள்ளைகளுக்கு உயர்நிலைத் தேர்ச்சி விகிதம் 15.2 புள்ளி இறங்க, வசதியான பகுதியில் 6.9 புள்ளிதான் இறங்கியது.

நல்ல எண்ணத்தோடு, கணக்குத் தெரிந்தவர்கள் கூடிச் செய்ததுதான் இது. மொத்த மாநிலத்துக்கு, மொத்த நாட்டுக்குச் சராசரி சரியாக வரவேண்டும் என்று பார்த்தார்கள், வந்தது. தனிப்பிள்ளைக்கு வரவில்லை. வேறு எப்படி வரும்? நான் கணிதம் நடத்துகிறவன். நாற்பது பேரின் சராசரி 64 என்று தெரிந்தால் பன்னிரண்டாவது எண்காரன் என்ன எடுத்தான் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2021-இல் சிபிஎஸ்இ பிளஸ் டூவுக்கு 30, 30, 40 என்று பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளைப் பங்கு போட்டது. அதற்கு மேல், முந்தைய மூன்று வருடங்களில் அந்தப் பள்ளி சிறப்பாகச் செய்த வருடத்தை அடையாள வருடமாக வைத்து, பள்ளியின் சராசரி அதை இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தாண்டிப் போகாமல் கட்டுப்படுத்தச் சொன்னது. தாண்டினால் பள்ளியின் முடிவுக் குழுதான் யாரிடமிருந்து குறைப்பது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். சராசரியைக் குறைப்பது என்று கணினித் திரையில் சொல்வது எளிது. குறையப்போவது ஒரு பெயருக்கு நேரே இருக்கும் எண்.

நமக்கு இந்தச் சபலம் இங்கிலாந்தைவிட அதிகம். அரையாண்டு முடிந்து ஜனவரியில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும் தலைமையாசிரியரின் கையில் ஒரு தாள் இருக்கும். முதல் கட்டங்களில் கடந்த மூன்று வருடத் தேர்ச்சி விழுக்காடு, கடைசிக் கட்டத்தில் இந்த வருடம் எதிர்பார்ப்பது. போன வருடத்தைவிடக் குறைவாக எழுதினால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதனால் யாரும் குறைத்து எழுதுவதில்லை. மெல்லக் கற்போர் பட்டியல், மாலைச் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான். பள்ளியை விரட்ட அந்தத் தாள் பயன்படட்டும், போகட்டும். அதே தாளைப் பிள்ளையின் சான்றிதழுக்குள் நுழைய விட்டால் கதை வேறு.

2025 பிளஸ் டூ முடிவில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அரசுப் பள்ளிகளில் 91.94, தனியார் சுயநிதிப் பள்ளிகளில் 98.88. பழைய தேர்ச்சியை அளவுகோலாக வைத்தால் இந்த ஏழு புள்ளி இடைவெளியை, அடுத்து வரும் பிள்ளைகள் பேனாவைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் தலையில் எழுதிவிடுவோம். எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு அதில் நஷ்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் தேர்ச்சியில் முதலிடம் என்று பெயர் வாங்கிய மாவட்டம், பழைய பெருமையில் எங்கள் பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருகாலத்தில் கடைசி வரிசையில் வைத்துப் பேசிய அரியலூர்தானே 2025-இல் 98.82 விழுக்காட்டோடு முதலிடத்தில் வந்து நின்றது? மேலே ஏறிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வருடத்தில் தேர்வு ரத்தாகி, பழைய கணக்கை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அந்த ஏற்றத்தையே அழித்திருப்போம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அவசர காலத்துக்கான மதிப்பெண் முறையை அவசரம் இல்லாத இப்போதே அரசாணையாக எழுதி வெளியிடுங்கள். 2021-இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதும்போது அது பிளஸ் டூவுக்கும் எண்ணப்படும் என்று ஒருவருக்கும் தெரியாது. இனி தெரிந்து எழுதட்டும். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கும் பிளஸ் டூ அரையாண்டுக்கும் பொது வினாத்தாள் கொடுத்து, விடைத்தாளில் ஒரு பங்கையாவது வேறு பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு மறுபடி திருத்திப் பாருங்கள். பள்ளி போடும் மதிப்பெண்ணில் நம்பிக்கை வர அதுதான் நேர்வழி. ஒரு பள்ளியின் மதிப்பெண் திடீரென எகிறினால் பழைய பதிவை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பள்ளியை ஆய்வு செய்யுங்கள், விடைத்தாளைக் கேளுங்கள், தலைமையாசிரியரை அழைத்து விசாரியுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

பிடிக்காதவர்கள் பிறகு தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பும் அரசாணையில் இருக்க வேண்டும், இரண்டில் எது அதிகமோ அது செல்ல வேண்டும். பிறகு எழுதும் தேர்வின் மதிப்பெண்ணே இறுதி என்று சிபிஎஸ்இ வைத்த விதியை உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் நீக்கியதை நீங்கள் அறிவீர்கள். தனித்தேர்வர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, அகமதிப்பீடும் இல்லை.

சூத்திரத்தை மூடிய அறைக்குள் எழுதாதீர்கள். இங்கிலாந்தில் ராயல் புள்ளியியல் சங்கம் தன் வல்லுநர்களைத் தர முன்வந்தபோது, வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்துக் கேட்டார்கள். சங்கம் ஒதுங்கிக்கொண்டது. நம் மாநிலத்தில் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகள் இருக்கின்றன, முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வரைவை வெளியிட்டு ஒரு மாதம் கருத்துக் கேளுங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அது எண்ணப்படுமா படாதா என்பதை நவம்பருக்குள் வகுப்பில் சொல்ல எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைக் கணித ஆசிரியர் ஒருவர்,
அரசு உதவிபெறும் பள்ளி,
விருதுநகர் மாவட்டம்.