புது கம்ப்யூட்டரிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

மெயில் போகிறதா என்று பார்க்கத்தான் இதை அனுப்புகிறேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள் இல்லையா, அதனால் புது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். தானே புயலில் நனைந்தும் பிழைத்த நம் பழைய பெட்டி இப்போது பரணில். மாடிவீட்டுப் பையன் டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாம் பென்டிரைவில் மாற்றிக் கொடுத்தான். மெயில் பார்க்கிற தண்டர்பேர்டைத் திறந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பெயர் என்ன, விலாசம் என்ன என்று விசாரிக்கிறது. ஒரு மெயில் இல்லை. அந்தக் காலத்தில் பாப் முறையில் இறக்கியதால் சர்வரிலும் எதுவும் கிடையாது.

மெயில் டாக்குமென்ட்ஸில் இருக்காதாம். ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ். அதுவும் மறைத்து வைத்த ஃபோல்டர். பழைய பெட்டியில் இருந்த ஃபோல்டரைக் கொண்டுவந்து அங்கே போட்டேன், அப்போதும் காலி. புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ என்று ஒரு சின்ன ஃபைல். அதில் எந்த ஃபோல்டரின் பெயர் இருக்கிறதோ அதைத்தான் திறக்கும். சரி என்று, பழையதற்குள் இருந்ததை எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் கொட்டினேன். தண்டர்பேர்டை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். மூடாமல் செய்ததில் ஒரு பகல் போச்சு.

நீயும் பேக்கப் எடுத்து வை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க முடியாவிட்டால் ஒரு வரியாவது போடு. மூன்று ஞாயிறு ஆயிற்று. அம்மா முதுநகர் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே போனைப் பார்க்கிறாள். வேலை அதிகம் என்றுதான் நான் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவள் நீ, அதைத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. மாப்பிள்ளை குரலைக் கேட்டும் நாளாயிற்று. சும்மாதான் சொல்கிறேன். பேக்கப் எடுத்து வை.

அப்புறம் இன்பாக்ஸ் வந்தது, உள்ளே வெறுமை. எம்எஸ்எஃப் என்று முடிகிற ஃபைல் வெறும் அட்டவணை, அதை அழித்தால் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். மெயில் எல்லாம் இன்பாக்ஸ் என்று வால் இல்லாமல் இருக்கிற ஃபைலில். அதைத் தொடக் கூடாது. டெலிட்டை அழுத்தும்போது கை நடுங்கிற்று, அம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக வர ஆரம்பித்ததும் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நல்லவேளை.

2013க்குப் போனபோது உன் மெயில் இருந்தது. ஹாஸ்டலிலிருந்து போட்டது, நெய்வேலிக்காரர்கள் விஷயமாக. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். இது மெல்லிய எழுத்தில் இருந்தது.

நீ கேட்டபோது, மின்சாரமே இல்லை, மெயில் எதுவும் வரவில்லை என்றேன். வந்தது பாப்பா. இரண்டு தடவை படித்தேன். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் யோசித்தேன். உன்னைப் பற்றி யோசிக்கவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் அதன்பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று. அதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அங்கே எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். வர வேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் போடு, காரணம் சொல்ல வேண்டாம். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இது வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுது. வரவே இல்லை என்று நீ சொன்னாலும் நான் ஒன்றும் கேட்க முடியாது.

அப்பா
மஞ்சக்குப்பம், கடலூர்