பராக்கிரம் பதக்கம் வரவில்லையா? முதலில் பார்ட்-2 ஆர்டரைத் தேடுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் உதவி இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

எதிரியின் குண்டையோ வெடிச்சிதறலையோ உடம்பில் வாங்கிய ஒருவர், அந்தக் காயத்துக்காகவே தரப்படும் பராக்கிரம் பதக்கம் கிடைக்காமலே ஓய்வு பெற்று, உங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறார். மனு 'தக்க நடவடிக்கைக்காக' என்ற மேல்கடிதத்துடன், வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகிறது. 'ஆவணங்களில் பதிவு இல்லை' என்று ஒரு வரிப் பதில் வருகிறது. கோப்பு மூடப்படுகிறது. தகுதி இல்லாததால் வரும் பதில் அல்ல இது. எந்தத் தாளைக் கேட்கிறோம் என்று மனுவில் சொல்லாததால் வருவது.

சேனா மெடல் போன்ற வீர விருதுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை கமாண்டர் பரிந்துரைத்து, மேலிடம் சீர்தூக்கிப் பார்த்து வழங்குபவை. இருபது ஆண்டு கழித்து அதற்கு மனுப் போட்டால் பெரும்பாலும் காகிதச் செலவுதான். பராக்கிரம் பதக்கத்துக்கு யாருடைய பாராட்டும் வேண்டாம். எதிரியின் நேரடி நடவடிக்கையால் காயம் பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. போராக இருந்தாலும், கிளர்ச்சி ஒடுக்கும் பணியாக இருந்தாலும் பொருந்தும்.

அதே நிபந்தனை சிலரை வெளியேயும் நிறுத்தும். 'பேட்டில் கேஷுவல்டி' (போர்ப் பணியில் பாதிக்கப்பட்டவர்) யார் என்று சொல்லும் 2003-ஆம் ஆண்டின் முதலாம் ஆர்மி ஆர்டர், பதக்க விதியைவிட அகலமானது. கட்டுப்பாட்டுக் கோட்டுப் பணியில் கடுங்குளிரால் பாதிக்கப்பட்டவர் அதில் வரலாம். ஆனால் உறைபனியில் விரல் இழந்தது எதிரியின் நேரடி நடவடிக்கை ஆகாது. அவருக்கு சியாச்சின் பனிமலைப் பதக்கம் உரியதாக இருக்கலாம், இது அல்ல. வந்தவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பொய் நம்பிக்கை கொடுத்து அலைய விடாதீர்கள்.

இனி, தகுதியுள்ளவருக்கு ஏன் விடுபடுகிறது? காயம் பட்டதும் யூனிட் அதை மேலே தெரிவிக்கும் கேஷுவல்டி சிக்னல் அனுப்பும். பிறகு, வீரரின் பணிப் பதிவில் ஏற வேண்டியதை அறிவிக்கும் பார்ட்-2 ஆர்டர் வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அவருடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலில் ஏற வேண்டும். இரண்டாவது படியில்தான் சங்கிலி அறுகிறது, அதிலும், பிற படைப்பிரிவுகளிலிருந்து ஆள் எடுத்துக் காஷ்மீரில் கிளர்ச்சி ஒடுக்கும் ராஷ்டிரிய ரைபிள்ஸில் இருந்தவர்களுக்கு. ஆள் ஸ்ரீநகர் 92 பேஸ் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து உதம்பூர் கமாண்ட் ஆஸ்பத்திரிக்கும் போகிறார். குணமானதும் தாய்ப் படைப்பிரிவுக்கு மாற்றல். அனுப்பிய பட்டாலியன் 'அவர் இப்போது எங்கள் ஆள் இல்லை' என்று விட்டுவிடும். வாங்கிய யூனிட்டோ 'காயம் இங்கே நடக்கவில்லை' என்று விட்டுவிடும். எனவே மனுதாரரிடம் முதலில் கேட்க வேண்டியது, காயம் பட்ட அன்று எந்த யூனிட்டின் கணக்கில் இருந்தார் என்பது.

அடுத்து அவர் கையில் இருப்பதைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவ வாரிய அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, காய அறிக்கையான ஐ.ஏ.எஃப்.ஒய்-2006, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, ஓய்வூதிய ஆணை. ஓய்வூதிய ஆணையில் 'வார் இஞ்சுரி' என்ற சொல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போர்க்காயம் என்று அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. மீதிப் பாதி, அந்தக் காயம் எதிரியால் நேர்ந்ததா என்பது. தன் படையே புதைத்த கண்ணிவெடி தவறி வெடித்தாலும் வார் இஞ்சுரி ஓய்வூதியம் உண்டு, பதக்கம் கிடைக்காது.

காயம் எதிரியால் பட்டதுதான், ஆனால் ஆணையில் வெறும் 'டிசெபிலிட்டி எலிமென்ட்' (சாதாரண ஊன ஓய்வூதியப் பகுதி) மட்டும் இருக்கிறது என்றால், பதக்கத்தை விடப் பெரிய இழப்பு அங்கே இருக்கிறது. நூறு சதவீத ஊனத்துக்குச் சாதாரண எலிமென்ட் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். போர்க்காயம் என்றால், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 60 சதவீதம், ஊனத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு முழு ஊதியம். பதக்கம், ஓய்வூதியம் இரண்டுக்கும் வேர் ஒரே பார்ட்-2 ஆர்டர்தான். மனுக்களை மட்டும் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே மனுவில் கலந்தால் ரெக்கார்ட் ஆபீஸின் ஒரு பிரிவு இன்னொன்றைக் கை காட்டும்.

மனு சரியான ஊருக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. என்னும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் எஞ்சினியர் படை செகந்தராபாத். ராணுவ எண்ணை, கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு எழுதுங்கள். இனிஷியல் விவகாரம் நம் ஊருக்கே உரிய தலைவலி: ஆதாரில் முன்னால், ராணுவத்தில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரே விரிவாக. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படி உள்ளதோ அப்படியே எழுதி, வேறுபாட்டுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் இணையுங்கள். காயம் பட்ட நாள், இடம், ராணுவ நடவடிக்கையின் (ஆபரேஷன்) பெயர், யூனிட், கம்பெனி, சேர்த்த ஆஸ்பத்திரி, இவ்வளவும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். வீரவரலாறு வேண்டாம்.

மனுவோடு கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். 'ஏன் பதக்கம் தரவில்லை' என்று கேட்கக் கூடாது. கேஷுவல்டி சிக்னல், பார்ட்-2 ஆர்டர், ஷீட் ரோல், மருத்துவ வாரிய அறிக்கை ஆகியவற்றின் நகல் என்று தாள் தாளாகக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

ஓய்வூதியம் இல்லாமல் படையை விட்டு வந்தவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்படும். இலங்கையில் இந்திய அமைதிப்படையின் ஆபரேஷன் பவனில் காயம் பட்டு, சில ஆண்டுகளில் விலகியவர்கள் இதில் சிக்குவார்கள். 'அழிக்கப்பட்டது' என்ற பதிலோடு நிற்காமல், நிரந்தரமாக வைக்கப்படும் பெயர்ப் பதிவேடான லாங் ரோலில் அவரைப் பற்றிய பகுதியைக் கேளுங்கள். உடன் இருந்தவர்களின் வாக்குமூலம் துணைதான், தனியாக நிற்காது. அன்றைய கம்பெனி கமாண்டர் நாளும் இடமும் குறிப்பிட்டு எழுதித் தந்தால் அதற்கு எடை அதிகம்.

பதக்கம் ஒப்புக்கொள்ளப்பட்டால் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பதிவு கேளுங்கள். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்துத்தான் அசல் வரும். கடையில் வாங்கிக் குத்திக்கொள்வது எதற்கும் சான்றாகாது.

மறுப்பு வந்தால், அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். பதிலே வராவிட்டால், மனு கொடுத்து ஆறு மாதம் கழிந்த பின் அடுத்த ஆறு மாதம். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். ஆகவே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனுதாரரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராணுவ ஆவணங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய முன்னாள் எழுத்தர்கள் சிலர்